சிறுதேரும் ரின் லொறியும்

சங்க இலக்கியம் படிப்பிக்கும் ஆசிரியனிடம் மாணவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் சொற்பொருள் பற்றியனவாகவே இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தர வகுப்பில் குறுந்தொகையின் 61ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "சேர், அந்தச் சின்னத் தேருக்கு எத்தனை சில்லு?" என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

பாடல் தும்பிசேர் கீரனாருடையது; மருதத் திணையைச் சார்ந்தது. தலைவன் அனுப்பிய வாயில்களிடம் தோழி பேசுகிறாள். தச்சன் செய்து கொடுத்த சிறிய குதிரைத் தேரில் சிறுவர் ஏறிச் செல்ல முடியாது. ஆனாலும், அதனைக் கையால் இழுத்தே அவர்கள் மகிழ்கிறார்கள். அதுபோலத் தலைவனோடு கூடி வாழும் இன்பம் வாய்க்காவிட்டாலும் அவனது நட்பைப் பேணியே தாம் இன்புற்றதாக அவள் சொல்கிறாள். இந்த உவமையின் நயத்தை எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். தலைவியின் துயரத்தில் நின்ற என் கண், அந்தச் சிறுதேரில் ஒரு நாளும் நின்றதில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்து நூல்களைப் புரட்டினேன். மறுமொழி பட்டினப்பாலையில் இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் உணவுப்பொருள் காய்கிறது. அதைக் கொத்த வந்த கோழியை விரட்டுவதற்கு ஒரு பெண் தன் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றி வீசுகிறாள். குதிரை இல்லாமல் சிறுவர் உருட்டி வரும் தேரின் வழியில் அக்குழை கிடந்து தடுக்கிறது. அந்தத் தேருக்கு மூன்று சில்லு என்று புலவர் எண்ணியே சொல்லிவிட்டார். பட்டினத்தின் செல்வத்துக்கு உதாரணமாக நாம் காட்டும் இடம் இது. ஒரு விளையாட்டு வண்டியின் அமைப்பைப் பதிந்துவைத்த இடமும் இதுவே.

இதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையிலும் இன்னொரு சிறுதேரைக் காட்டுகிறார். தச்சரின் பிள்ளைகளே ஆசைப்படும் வண்ணம் அது செய்யப்பட்டிருந்ததாம். நாளாந்தம் மெய்யான தேர் செய்வதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் அவர்கள். அவர்களையே மயக்க வேண்டுமென்றால், அந்தச் சிறுதேர் பெரிய தேரின் உறுப்புக்களை எவ்வளவு நுணுக்கமாகக் கொண்டிருக்க வேண்டும்! புறநானூற்றில் ஒளவையார், அதியமானின் வலிமைக்கு ஒரு சில்லையே உவமையாக்குகிறார். ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு மாதம் கருத்தூன்றிச் செய்த ஒரேயொரு சில்லு அது. பிற்காலத்தில் ஆண்பாற் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள், சிறுதேர் உருட்டுவதை ஒரு பருவமாகவே வகுத்து, அதனைப் பத்துப் பருவங்களின் இறுதியில் வைத்தார்கள்.

ஆக, இலக்கியத்தில் சிறுதேர் உண்டு. அதற்குச் சில்லுக் கணக்கும் உண்டு. ஆனால், அந்த மரத்தேர்களில் ஒன்றேனும் எங்கள் கைக்கு வந்து சேரவில்லை. மரம் உக்கிவிடும், மண் தங்கும். சிந்துவெளியில், இற்றைக்கு நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் பிள்ளைகள் விளையாடிய சுடுமண் வண்டில்கள் தங்கிவிட்டன. அந்த மக்களின் பெரிய வண்டில்கள் எப்படி இருந்தன என்பதை ஆய்வாளர் அறிந்துகொண்டதும் பெரும்பாலும் அந்தப் பொம்மைகளிலிருந்துதான். சிந்து மாகாணத்தில் அண்மைக் காலம் வரை ஓடிய மாட்டு வண்டில்களோடு அவற்றை அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எங்கள் முருங்கனுக்கு அயலிலுள்ள கட்டுக்கரையிலும் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் நடந்த அகழ்வாய்வில் சுடுமண்ணாலான யானை, குதிரை, எருது உருவங்கள் வெளிப்பட்டன. அவை வழிபாட்டோடு தொடர்புடையவை. இருந்தாலும், பெரிய ஒன்றைக் கையளவில் செய்துவைக்கும் வழக்கம் எங்கள் குளக்கரைக்குப் புதியதன்று என்பதற்கு அவை சான்று.

இந்த இடத்தில் என் சொந்த ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். முருங்கன் வயலூர். மதவாச்சியிலிருந்து தலைமன்னார் செல்லும் புகையிரதப் பாதையும் மன்னார் வீதியும் அதனைத் தொட்டுச் செல்கின்றன. என் அம்மப்பா சிறுவனாக இருந்தபோது முள்முருக்கு மரத்தைக் குடைந்து மாட்டு வண்டில் செய்ததாகச் சொல்லுவார். கோயில் தேர்த்திருவிழா வந்தால் தென்னங்குரும்பட்டியும் ஈர்க்கும் கொண்டு தேர் கட்டுவார்களாம். நுங்கு குடித்த கோம்பை இரண்டைத் தடியிற் கோத்துக் கவர்த்தடியால் தள்ளிப்போகும் வண்டில், பனை நிற்கும் ஊர்களுக்கெல்லாம் பொதுவானது. என் தகப்பனார் காலத்தில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ் ஊருக்குள் வந்துவிட்டது. அவர் மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி மடித்து பஸ் செய்திருக்கிறார்.

எனக்கு வாய்த்தது லொறி. 1990 ஆனியில் யுத்தம் மீண்டும் மூண்டபோது எனக்குப் பத்து வயது. தலைமன்னார் புகையிரதம் நின்றுபோயிற்று. எங்கள் குடும்பம் மடுவுக்குப் போனது. ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம் அங்கே நிவாரண நிலையம் ஒன்றை நடத்தியது. சைவர், கிறிஸ்தவர் என்ற பேதமின்றி ஆயிரக்கணக்கானோர் மரநிழலிலும் கொட்டிலிலும் இருந்தோம். பொடியன்களாகிய நாங்கள் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது நிவாரணம் ஏற்றி வரும் வெள்ளை லொறிகளைத்தான். மீன் ரின்னைத் தட்டி நிமிர்த்திப் பெட்டி செய்தோம். தேய்ந்த சிலிப்பரை வட்டமாக வெட்டிச் சில்லாக்கினோம். சைக்கிள் கம்பி அச்சாயிற்று. சுண்ணாம்பு பூசி வெள்ளையாக்கி, அடுப்புக்கரியால் இரண்டு எழுத்தும் எழுதினோம். முன்னால் சிறு கொடி கட்டாவிட்டால் அதை லொறியென்று ஒருவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அந்த நாட்களில் பொருளாதாரத் தடையால் வடக்கில் பெற்றோல் இல்லை. பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் காரும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, பின்னர் மண்ணெண்ணெயில் புகை கக்கி ஓடின. எங்கள் ரின் லொறிக்கு அந்தத் தட்டுப்பாடும் இருக்கவில்லை.

வண்டில், தேர், பஸ், நிவாரண லொறி என்று ஒரு வீட்டுப் பிள்ளைகள் செய்தவற்றை வரிசையில் வைத்துப் பாருங்கள். முருங்கன் வீதியில் ஒரு நூற்றாண்டுக் காலம் என்னென்ன ஓடின என்பது அங்கே தெரியும். பிள்ளை, தன் கண்முன் ஓடுவதைத்தான் செய்கிறது. ஆகையால், விளையாட்டு வாகனமும் ஒரு வரலாற்று ஆவணம் என்பது என் எண்ணம்.

இதனை ஆவணமாகவே மதித்துப் பேணிய சமூகங்கள் உலகில் உண்டு. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிராங்க் ஹோர்ன்பி என்பவரின் மெக்கானோ நிறுவனம், விளையாட்டுப் புகையிரதங்களுக்குத் துணையாகச் சிறிய உலோகக் கார்களை வார்க்கத் தொடங்கியது. 1934இல் அவற்றுக்கு டிங்கி என்ற பெயர் வந்தது. அந்தப் புகையிரதங்களில் 7 மில்லிமீற்றர் ஓர் அடியைக் குறித்தது. ஒன்றுக்கு நாற்பத்து மூன்று என்று இன்று உலகமெங்கும் வழங்கும் மாதிரிக் கார் அளவு அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான். 1960களின் பிற்பகுதியில் பழைய டிங்கி அச்சுக்கள் கல்கத்தாவுக்கு வந்து, 'நிக்கி' என்ற பெயரில் கார்கள் வார்க்கப்பட்டன. இலண்டனில் லெஸ்னி நிறுவனத்தின் பங்காளரான ஜக் ஒடெல், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொருளை மட்டுமே பாடசாலைக்குக் கொண்டுபோக அனுமதி பெற்றிருந்த தம் மகளுக்காக ஒரு சிறிய வீதி உருளை இயந்திரத்தைச் செய்தார். 1953இல் வெளிவரத் தொடங்கிய மச்பொக்ஸ் கார்களுக்கு மூலம் அதுவே.

வாங்கி அடுக்குவது ஒரு வகை. தானே செய்வது இன்னொரு வகை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் பிஷர் பிரிவு 1930இல் சிறுவருக்கான கைவினைஞர் சங்கம் ஒன்றைத் தொடங்கியது. முதலில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டியை அச்சொட்டாகச் சிறிதாக்கிச் செய்ய வேண்டும் என்று போட்டி வைத்தார்கள். பின்னர், தாமே கற்பனை செய்த காரைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் செய்யும் போட்டி வந்தது. வென்றவர்க்குப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் கிடைத்தது. 1968 வரை நடந்த இப்போட்டியில் பங்குபற்றிய சிறுவர் சிலர், பிற்காலத்தில் மெய்யான கார்களையே வடிவமைத்தார்கள்.

உலக யுத்தத்தின் பின்னர் பிளாஸ்ரிக் உறுப்புக்கள் பெட்டியில் அடைபட்டு வந்தன. பெரியவர்களும் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கினார்கள். அவர்கள் வழங்கும் அளவுகளில் ஒன்று, ஓர் அடியை அரை அங்குலமாகக் குறுக்குவது. பன்னிரண்டு அடிக்குச் சற்றுக் கூடிய நீளமுள்ள மொறிஸ் மைனர் அந்த அளவில் ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். அதற்குள் இருக்கை, சுக்கான், இயந்திரம் எல்லாம் அடங்க வேண்டும். உறுப்புக்களைச் சட்டத்திலிருந்து வெட்டி, அரத்தாளால் தேய்த்து, ஒட்டி, வர்ணம் பூசுவதற்குப் பல வாரங்கள் செல்லும். எந்த ஆண்டில் எந்த வர்ணம் பூசப்பட்டது என்றறியப் பழைய விளம்பரத் தாள்களைத் தேடுவார்கள். கண்டதை மற்றவருக்குச் சொல்வார்கள். கண்காட்சியில் ஒருவர் பிழையை மற்றவர் திருத்துவார்கள். இவர்களிடையே அதிக மதிப்புப் பெறுபவர், பெட்டி எதுவும் வாங்காமல் மரத்திலும் தகட்டிலும் எல்லா உறுப்பையும் தாமே வெட்டிச் செய்பவர்.

இதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. மடுவில் நாங்கள் அத்தனை பேரும் செய்தது அதைத்தானே! எங்களிடம் கை இருந்தது, கண் இருந்தது. அளந்து எழுதிவைக்கும் பழக்கமும், செய்ததைப் பேணி மற்றவர்க்குக் காட்டும் கூட்டமும் மட்டும் இருக்கவில்லை. இடம்பெயர்ந்து செல்பவன் பாயையும் பானையையும் தூக்குவானே தவிர, ரின் லொறியைத் தூக்கமாட்டான். ஆனால், எல்லாப் பழியையும் யுத்தத்தின் மேற் போட என்னால் முடியாது. அதற்குக் காரணம் உண்டு.

யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் சென்றபின், நான் படிப்பித்த ஒரு பாடசாலையில், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தமிழ்ப் பாடவேளையில் மேசைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். எட்டிப் பார்த்தேன். ஓர் உழவு இயந்திரம். பலகையும் தகரமுமாகச் செய்தது. பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, தாறன்" என்றேன். அப்பா வரவில்லை. தவணை முடிந்தது. வகுப்பறைத் திருத்த வேலைக்காக அலுமாரியை ஒதுக்கியபோது உள்ளே இருந்ததை எடுத்துப் பத்திரப்படுத்தவேண்டும் என்ற நினைவே எனக்கு வரவில்லை. குப்பையோடு அது போயிற்று. அடுத்த தவணையில் அவன் கேட்டான். "துலைஞ்சு போச்சு தம்பி" என்றேன். "பரவாயில்லை சேர்" என்றுவிட்டுப் போனான். அதன் பிறகு அவன் கையில் ஒன்றையும் நான் காணவில்லை.

சிறுதேருக்கு எத்தனை சில்லு என்று மற்றவன் கேட்ட நாளில், பட்டினப்பாலையை மூடிவைத்த பின்னும் எனக்கு நித்திரை வராததற்குக் காரணம் இதுதான். தச்சரின் பிள்ளைகளும் ஆசைப்படும்படி செய்த தேரைப் புகழ்ந்து படிப்பிப்பவன், தன் வகுப்பில் அப்படியொன்று செய்தவனை என்ன செய்தான்?

அவனைத் தேடிப் போனேன். முருங்கன் பக்கத்திலே உழவு இயந்திரங்கள் திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறான். கையெல்லாம் ஒயில். என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்து வைத்தான். வந்த விடயத்தைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, நான் கேட்காமலேயே அளவுகளைச் சொல்லத் தொடங்கினான்.

"மாமான்ரை மசியைத்தான் சேர் செய்தனான். நூல் பிடிச்சு அளந்து பத்தாலை பிரிச்சனான். நீளம் முப்பது சென்ரிமீற்றர். பின்சில்லு பன்னிரண்டரை. முன்சில்லு ஏழரை. ரயருக்குச் சைக்கிள் ரியூப்."

வகுப்பில் விகிதக் கணக்கை அவன் சரியாகச் செய்தானா என்பது எனக்கு ஞாபகமில்லை. வெளியே மாமாவின் முற்றத்தில் அதைச் சரியாகவே செய்திருக்கிறான்.

நேயர்களே, இப்பொழுது என் வகுப்பறையில் ஒரு தட்டு இருக்கிறது. மாணவர் செய்த வாகனங்களை அதில் வைக்கிறோம். ஒவ்வொன்றின் கீழும் செய்தவர், ஆண்டு, எந்த வாகனத்தைப் பார்த்துச் செய்தது, என்ன அளவு என்று ஓர் அட்டையில் எழுதுகிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளை செய்ததையும் எறிந்துவிடாதீர்கள். எறியத்தான் வேண்டுமென்றால், ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு எறியுங்கள்.

அந்தத் தட்டின் முதலாவது இடத்தில் அட்டை மட்டும் இருக்கிறது. உழவு இயந்திரம், பத்தில் ஒரு பங்கு, சில்லு நான்கு என்று அதில் எழுதியிருக்கிறேன். புதிதாக வரும் மாணவர்கள், "சேர், சாமான் எங்கே?" என்று கேட்கிறார்கள். நடந்ததைச் சொல்லிவிட்டு, குறுந்தொகைப் பாடத்தைத் தொடங்குகிறேன்.