ரிவர் பந்தய ஏற்பு

ரிவர் பந்தய ஏற்பு என்பது போக்கர் சீட்டாட்டத்தில், கடைசிப் பொதுச்சீட்டு திறக்கப்பட்ட பின்னர் எதிராளி வைக்கும் பந்தயத்துக்கு ஈடான தொகையைச் செலுத்தி, அவரது சீட்டுகளைக் காட்டச் செய்வதாகும். ஏற்க விரும்பாதவர் விலகலாம். இருவர் மட்டுமே எஞ்சியிருப்பின், அவ்வாறு விலகும்போது சேர்ந்த தொகை முழுவதும் எதிராளியைச் சேரும். அவர் தமது சீட்டுகளைக் காட்ட வேண்டியதில்லை.

டெக்சாஸ் ஹோல்டெம் எனும் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மறைசீட்டுகள் வழங்கப்படுகின்றன. மேசையில் முதலில் மூன்றும் பின்னர் ஒவ்வொன்றாக இரண்டும் என ஐந்து பொதுச்சீட்டுகள் திறக்கப்படும். ஐந்தாவது சீட்டே ரிவர் எனப்படுகிறது.

கணக்கு

முந்தைய சுற்றுகளில், இனி வரும் சீட்டால் கை மேம்படலாம் என்ற நம்பிக்கையில் பந்தயத்தை ஏற்கலாம். ரிவரில் அந்த வாய்ப்பு இல்லை. எனவே இங்கு கணிக்க வேண்டியது சீட்டுக்கட்டை அன்று, எதிராளியை.

தொகுப்பில் 600 இருக்கையில் எதிராளி 600 வைத்தால், ஏற்பவர் 600 செலுத்தி மொத்தம் 1,800-க்குப் போட்டியிடுகிறார். ஆகவே மூன்றில் ஒரு முறை வென்றாலே அவருக்கு நட்டமில்லை. பந்தயம் 300 எனில் 25 விழுக்காடும், 1,200 எனில் 40 விழுக்காடும் போதுமானவை. பந்தயம் எவ்வளவு பெரிதாயினும் தேவைப்படும் விழுக்காடு 50-ஐத் தாண்டாது. பெரிய பந்தயத்தை ஏற்க ஏறத்தாழ உறுதியான வெற்றி வேண்டும் என்று புதியவர்கள் கருதுவது தவறாகும். பாதிக்கு மேல் தோற்கும் ஏற்பும் சரியான ஏற்பாக இருக்கக்கூடும்.

அந்த விழுக்காட்டை மதிப்பிடுவதே கடினம். எதிராளியின் பாசாங்குப் பந்தயத்தை மட்டுமே வெல்லக்கூடிய நடுத்தரக் கை ஒருவரிடம் இருக்கும்போது, தம் கையின் வலிமையை எண்ணிப் பயனில்லை. எதிராளி இவ்வாறு பந்தயம் வைக்கக்கூடிய கைகளுள் எத்தனை உண்மையானவை, எத்தனை பாசாங்கு என்பதே கேள்வி.

கோட்பாடு

ஜான் வான் நாய்மனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும் 1944-இல் வெளியிட்ட ஆட்டக்கோட்பாட்டு நூலில், எளிமையாக்கப்பட்ட போக்கரை ஆராய்ந்து, பாசாங்கு சரியான ஆட்டத்தின் இன்றியமையாத பகுதி என்று காட்டினர். தொகுப்புக்குச் சமமான பந்தயத்தை வைப்பவர், இரண்டு உண்மையான கைகளுக்கு ஒரு பாசாங்கு என்ற அளவில் கலந்தால், நடுத்தரக் கை கொண்ட எதிராளிக்கு ஏற்பும் விலகலும் ஒன்றே. மனிதர்கள் இவ்விகிதத்தைத் துல்லியமாகக் கடைப்பிடிப்பதில்லை. எந்தப் பக்கம் பிறழ்கின்றனர் என்று அறிபவரே பயனடைகிறார். 2017-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் எனும் கணினி நிரல், தொழில்முறை ஆட்டக்காரர் நால்வரை 1,20,000 கைகள் கொண்ட போட்டியில் வென்றது. தொகுப்பைவிடப் பெரிய பந்தயங்களை அது தயங்காமல் வைத்தது.

2003 உலகத் தொடர்

இவ்வகை முடிவுக்குப் பெரிதும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு, 2003-இல் லாஸ் வேகாசில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியாகும். 839 பேர் பங்கேற்ற அப்போட்டியில், இணையத் தகுதிச் சுற்றின் வழியே வந்த டென்னசி கணக்காளர் கிறிஸ் மணிமேக்கரும் (இது அவரது உண்மையான பெயரே) தொழில்முறை ஆட்டக்காரர் சாம் ஃபர்ஹாவும் இறுதியில் எஞ்சினர்.

ஒரு கையில் ஃபர்ஹாவிடம் ஸ்பேடு ராணியும் ஆர்ட்டின் 9-உம் இருந்தன. மணிமேக்கரிடம் ஸ்பேடு ராஜாவும் ஆர்ட்டின் 7-உம். பொதுச்சீட்டுகள் ஸ்பேடு 9, டைமண்ட் 2, ஸ்பேடு 6, ஸ்பேடு 8, ஆர்ட்டின் 3. மணிமேக்கர் எதிர்பார்த்த ஸ்பேடும் வரவில்லை, வரிசையும் கூடவில்லை. இருப்பினும் ரிவரில் அவர் தம்மிடமிருந்த அனைத்தையும் பந்தயமாக வைத்தார். ஒன்பது இணையுடன் முன்னிலையில் இருந்த ஃபர்ஹா நீண்ட யோசனைக்குப் பின் விலகினார்.

மறைசீட்டுகளைக் காட்டும் ஒளிப்படக்கருவிகளால், தொலைக்காட்சியில் கண்டவர்கள் இதை எளிதில் பிழை என்றனர். ஃபர்ஹாவின் இடத்திலிருந்து பார்த்தால் அவ்வளவு தெளிவில்லை. மேசையில் மூன்று ஸ்பேடுகள் கிடக்கையில், எதிராளியிடம் இரு ஸ்பேடுகள் இருக்க 45 வழிகள் உண்டு. ராணி தம் கையில் இருந்ததால் அவை 36 ஆகக் குறைந்தன. இது ஏற்புக்குச் சாதகம். ஆனால் அதே ராணி, அதனை மட்டும் ஒற்றை ஸ்பேடாக வைத்துக்கொண்டு ஏமாந்து பாசாங்கு செய்யக்கூடிய கைகளையும் எதிராளியிடமிருந்து நீக்கிவிட்டது.

மணிமேக்கர் இறுதியில் வென்று 25 இலட்சம் அமெரிக்க டாலர் பரிசு பெற்றார். 2004-இல் அதே போட்டியில் பங்கேற்றோர் தொகை 2,576 ஆக உயர்ந்தது.