மரம் மாறிய ஈ

1807இல் நியூ பிரன்சுவிக்கிலிருந்து வந்து மரத்தொழில் தொடங்கிய நோர்மன் மில்லிக்கனின் பெயர்தான் ஒன்ராறியோவின் மில்லிக்கன் பகுதிக்கு நிலைத்தது. ஸ்டீல்ஸ் வீதியின் இரு பக்கமும் இன்று தமிழ்க் கடைகளும் வீடுகளும் நிறைந்திருக்கும் இந்த இடம் நெடுங்காலம் காடும் வயலுமாக இருந்தது. ஒன்ராறியோவில் குடியேறியவர்கள் காட்டை வெட்டி, வீட்டருகே அப்பிள் நட்டார்கள். அந்த அப்பிள் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முள் நிறைந்த ஹாத்தோர்ன் மரமோ இந்த மண்ணுக்கே உரியது.

ஹாத்தோர்னின் சிறிய சிவப்புப் பழங்களில் முட்டையிட்டு வாழ்ந்த ஒரு பழ ஈ, 1860களில் நியூயோர்க்கின் ஹட்சன் பள்ளத்தாக்கில் அப்பிளையும் பிடித்துக்கொண்டது. அப்பிளில் புழு வைத்த ஈயை 1867இல் விவரித்துப் பெயரிட்டவர் இல்லினோய் பூச்சியியலாளர் பெஞ்சமின் வால்ஷ். உணவுச் செடி மாறினால் காலப்போக்கில் இனமே பிரியலாம் என்று அவர் நம்பினார். அவர் சொன்ன வழியில் இந்த ஈ போய்க்கொண்டிருப்பதை 1988இல் மரபணு ஆய்வு காட்டியது. அப்பிள் முந்திப் பழுக்கும், ஹாத்தோர்ன் பிந்திப் பழுக்கும். அதற்கேற்ப ஈக்களும் வெவ்வேறு காலத்தில் மண்ணிலிருந்து வெளிவருகின்றன. தத்தம் பழத்தின் மேலேயே இணை சேர்கின்றன.

இந்த ஈ வீட்டு இலையானைவிடச் சிறியது. முதுகின் நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு, கண்ணாடிபோன்ற சிறகில் கருப்புப் பட்டைகள். சமையலறையில் கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் குட்டி ஈ வேறு குடும்பம். அதன் சிறகில் இத்தகைய பட்டைகள் இல்லை.

சிறகைப் பார்த்த கையோடு செடியையும் பார்க்க வேண்டும். 2016இல் மிசிசாகாவில் ஐரோப்பியச் செர்ரி ஈ உறுதிசெய்யப்பட்டது. வட அமெரிக்காவில் அதுவே முதல் முறை. அது செர்ரியில் மட்டுமன்றி, வேலியோர ஹனிசக்கிள் புதரின் பழத்திலும் வளரும். செர்ரித் தோட்டத்தை மட்டும் தேடுகிறவர் கண்ணில் அது தப்பிவிடும்.

மில்லிக்கனில் வீட்டின் பின்புறம் அப்பிள் வைத்திருப்பவர்கள் விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள். பழத்துக்குள் இருக்கும் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். பனிக்காலம் முழுவதும் அங்கேயே கிடந்து, அடுத்த கோடையில் அதே மரத்துக்கு ஈயாகத் திரும்பும். பக்கத்தில் ஹாத்தோர்ன் நின்றால் அதன் பழங்களையும் ஒருமுறை பிளந்து பாருங்கள்.