குறைமாதக் குழந்தைகளின் நாள்பட்ட நுரையீரல் நோயும் ஸ்டீராய்டு மருந்தும்

குறைமாதத்தில் பிறந்து, பல வாரங்கள் வெண்டிலேட்டரிலும் ஆக்சிஜனிலும் இருக்க நேரும் குழந்தைகளுக்கு ஏற்படும் நீடித்த நுரையீரல் பாதிப்பே நாள்பட்ட நுரையீரல் நோய் எனப்படுகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் நார்த்வே குழுவினர் 1967இல் இதனை முதன்முதலில் விவரித்தனர். உயிரைக் காத்த கருவியின் காற்றழுத்தமும் மிகுதியான ஆக்சிஜனும் முதிராத நுரையீரலைப் புண்படுத்தியிருந்தன.

பிறந்தபின் தரப்பட்ட மருந்து

1980களில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு இக்குழந்தைகளுக்குத் தரப்பட்டது. நுரையீரல் அழற்சி தணிந்து, பல குழந்தைகள் விரைவில் வெண்டிலேட்டரிலிருந்து விடுபட்டன. 1989இல் வெளியான ஓர் ஆய்வில் மருந்து 42 நாட்கள் வரை தரப்பட்டது. வேறு சில மருத்துவர்கள் பிறந்த முதல் நாளிலேயே மருந்தைத் தொடங்கினர்.

நன்மை சில நாட்களில் தெரிந்தது. தீமை தெரியப் பல ஆண்டுகள் ஆயின. தைவானில் முதல் நாளிலிருந்து நான்கு வாரம் இம்மருந்தைப் பெற்ற குழந்தைகளை ட்சு யே குழுவினர் தொடர்ந்து கவனித்தனர். இரண்டு வயதில் கைகால் இயக்கக் குறைபாடு அவர்களிடம் அதிகமாக இருந்ததென 1998இல் அறிவித்தனர். பள்ளி வயதை எட்டிய 146 பிள்ளைகளைச் சோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து பெற்றவர்கள் உயரத்திலும் தலைச்சுற்றளவிலும் அறிவுத்திறன் மதிப்பெண்ணிலும் பின்தங்கியிருந்தனர்.

இதற்கிடையே 2002இல் அமெரிக்க, கனடா நாட்டுக் குழந்தை மருத்துவ அமைப்புகள், இம்மருந்தை வழக்கமாகத் தரலாகாது என அறிவித்தன. 2006இல் ஆஸ்திரேலியாவின் லெக்ஸ் டாயில் குழுவினர், பத்து நாட்களுக்குக் குறைந்த அளவில் தந்தாலும் வெண்டிலேட்டரை அகற்ற உதவும் எனக் காட்டினர். இன்று முதல் வாரத்திற்குப் பின்னும் கருவியை விட முடியாத குழந்தைகளுக்கு மட்டும், பெற்றோரிடம் நன்மை தீமைகளை விளக்கியபின் தரப்படுகிறது.

பிறக்கும் முன் தரப்படும் மருந்து

கருவிலுள்ள குழந்தைக்காகத் தாய்க்கு ஊசி போடும் முறை வேறு. நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் 1972இல் இதன் பயனை வெளியிட்டனர். நுரையீரல் முன்கூட்டியே முதிர்வதால் பிறந்தவுடன் வரும் மூச்சுத்திணறல் குறைகிறது.

இந்திய அரசு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 24 முதல் 34 வாரத்திற்குள் பிரசவ வலி கண்ட தாய்க்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் 12 மணிக்கொரு முறை நான்கு ஊசிகளாகப் போடப்படும். முதல் ஊசியைக் கிராம சுகாதாரச் செவிலியரே போடலாம். நாசரேத் போன்ற ஊர்களிலிருந்து தாயைத் தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ அனுப்பும்போது, பயண நேரம் வீணாகாமல் இருக்க இது உதவுகிறது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் 2,852 தாய்மாரிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு, இம்முறை பச்சிளங்குழந்தை இறப்பைக் குறைப்பதை 2020இல் உறுதிப்படுத்தியது.