ஒலி ஒன்று, எழுத்து இரண்டு

ஆங்கில மொழியில் 'நைட்' என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு உள்ளன. ஒன்று இரவைக் குறிப்பது. மற்றொன்று அரசனிடம் பட்டம் பெற்ற குதிரைவீரனைக் குறிப்பது. இவ்விரண்டையும் நான் எத்தனை முறை மாறி மாறிச் சொன்னாலும், நேயர்களுடைய செவிக்கு அவற்றிடையே வேற்றுமை புலப்படாது. தமிழெழுத்தில் எழுதிக் காட்டினும் அவ்வாறே. ஆங்கில எழுத்தில் எழுதும்போது மாத்திரம், வீரனைக் குறிக்கும் சொல்லின் முன்னே 'கே' என்னும் எழுத்தொன்று வந்து நிற்கும். அதனை ஒருவரும் ஒலிப்பதில்லை. இரு சொற்களின் நடுவிலும் 'ஜி', 'எச்' என்னும் இரண்டு எழுத்துக்கள் உள்ளன. அவற்றையும் ஒருவரும் ஒலிப்பதில்லை.

ஒலியாத எழுத்தை ஏன் எழுதவேண்டும் என்று கேட்ட மாணவனுக்கு, "அது அப்படித்தான், மனனஞ் செய்" என்ற விடையே பெரும்பாலும் கிடைத்திருக்கும். மனனஞ் செய்யத் தவறியவனுடைய விடைத்தாளிற் சிவப்புக்கோடு விழும். விண்ணப்பமொன்றில் ஓரெழுத்துப் பிழைத்திருப்பதைக் கண்டு, எழுதியவனுடைய அறிவையே குறைத்து மதிப்பிடுவோரும் உளர். ஆதலின், இவ்வெழுத்துக்கள் எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதை ஆராய்வது வீண்வேலை அன்று.

பழைய ஆங்கிலத்தில் வீரனைக் குறித்த சொல் ஏறக்குறைய 'க்னிஹ்ட்' என்றே ஒலித்தது. முதலில் அதற்குச் சிறுவன், பணியாள் என்பனவே பொருள். அரசனுடைய படைப்பணியாளன் என்ற பொருள் பின்னர் வந்தது. இரவு என்னும் சொல் 'நிஹ்ட்' என ஒலித்தது. அக்காலத்தில் இவ்விரண்டையும் ஒன்றென எவரும் மயங்கியிருக்க மாட்டார். எழுதியவாறே ஒலித்தனர், ஒலித்தவாறே எழுதினர். ஆங்கிலத்தின் உறவுமொழியாகிய யேர்மன் மொழியிலே, இச்சொற்களின் உடன்பிறப்புகள் இன்றும் அவ்வொலிகளை இழக்காது வாழ்கின்றன.

1066ஆம் ஆண்டிலே நோர்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி ஏறியது. பிரெஞ்சு முறையிற் பயின்ற எழுத்தர்கள், ஆங்கிலச் சொற்களையும் தமது வழக்கப்படி எழுதலாயினர். 'ஜி', 'எச்' என்னும் இரண்டையும் இணைத்து அந்த ஹகர ஒலியைக் குறிக்கும் வழக்கம் அதன்பின் நிலைபெற்றதே. மகனைக் குறிக்கும் 'சன்', சூரியனைக் குறிக்கும் 'சன்' என்னும் சொற்களும் அவ்வெழுத்தர் கையில் அகப்பட்டவையே. பழைய ஆங்கிலத்தில் இரண்டிலும் உகர ஒலியே இருந்தது. ஆனால் அக்காலக் கையெழுத்திலே 'யூ', 'என்', 'எம்' என்னும் எழுத்துக்கள் யாவும் ஒரே வகையான நிலைக்கோடுகளால் ஆனவை. அவை அடுத்தடுத்து வந்தபோது எது எவ்வெழுத்தென்று அறிவது அரிதாயிற்று. எனவே படிப்போர் கண்ணுக்கு எளிதாகும்பொருட்டு, உகரத்துக்குப் பதிலாக 'ஓ' என்னும் எழுத்தை இட்டனர் என்பது அறிஞர் கருத்து. பிற்காலத்தில் சூரியன் 'யூ' எழுத்துக்குத் திரும்பினான். மகனோ 'ஓ' எழுத்திலேயே தங்கிவிட்டான்.

அடுத்து வந்தவர் அச்சுத் தொழிலாளர். வில்லியம் கக்ஸ்டன் என்னும் வணிகர் கொலோன் நகரில் அச்சுக்கலையைக் கற்று, 1476ஆம் ஆண்டில் இலண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். அவர் 1490ஆம் ஆண்டளவில் வெளியிட்ட நூலொன்றின் முன்னுரையில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றார். தேம்ஸ் நதிவழியே கடலுக்குச் சென்ற வணிகர் சிலர், காற்றில்லாமையாற் கரையில் இறங்கி உணவு தேடினர். ஒருவர் முட்டை வேண்டுமெனத் தமது வட்டார வழக்கிற் கேட்டார். வீட்டுக்காரியோ தனக்குப் பிரெஞ்சு மொழி தெரியாதென்றாள். கேட்டவருக்கும் பிரெஞ்சு தெரியாது. ஆகவே அவருக்குக் கோபம் மூண்டது. மற்றொருவர் தென்னாட்டு வழக்கிலுள்ள சொல்லைச் சொல்லிய பின்னரே அவளுக்கு விளங்கிற்று. இத்தகைய நாட்டிலே எச்சொல்லை அச்சேற்றுவது என்பதுதான் கக்ஸ்டனுடைய கவலை.

அச்சு எழுத்துக்கூட்டலை மெல்ல மெல்ல உறையச் செய்தது. ஆனால் மக்களுடைய நாவை உறையச் செய்ய அச்சினால் இயலவில்லை. ஏறக்குறைய 1400 முதல் 1700 வரையுள்ள காலத்தில் ஆங்கிலத்தின் நெட்டுயிரொலிகள் யாவும் இடம்பெயர்ந்தன. டென்மார்க்கு நாட்டு மொழியறிஞர் ஒற்றோ யெஸ்பெர்சன் இதனைப் பெரும் உயிரொலிமாற்றம் என்று பெயரிட்டழைத்தார். இறைச்சியைக் குறிக்கும் 'மீட்', சந்தித்தலைக் குறிக்கும் 'மீட்' என்னும் சொற்கள் முன்னர் வெவ்வேறு உயிரொலி உடையன. அதனாலேயே ஒன்றை 'ஈ', 'ஏ' என்னும் எழுத்துக்களாலும், மற்றதை இரண்டு 'ஈ' எழுத்துக்களாலும் எழுதினர். பின்னர் ஒலிகள் ஒன்றாயின. எழுத்துக்கள் பிரிந்தபடியே நின்றன. வீரனுடைய 'கே' எழுத்தின் ஒலியும் 17ஆம் நூற்றாண்டளவில் மறைந்து போயிற்று. ஓடிய ஆற்றின் பழைய தடத்தைப் போல எழுத்து மாத்திரம் எஞ்சியது.

இதுவரை கூறியவை ஒலி மாறியதால் விளைந்தவை. கற்றோர் வலிந்து செய்தவையும் உள. கடனைக் குறிக்கும் 'டெட்' என்னும் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' எழுத்து இருக்கவில்லை. இலத்தீன் மூலத்திலே அஃது உண்டென்று கண்ட பண்டிதர், அதனைக் கொண்டுவந்து நடுவே செருகினர். ஐயத்தைக் குறிக்கும் 'டவுட்' என்னும் சொல்லுக்கும் அதே கதி நேர்ந்தது. அவ்வெழுத்தை ஒலித்தே தீரவேண்டுமென்று அடம்பிடிக்கும் ஆசிரியர் ஒருவரை ஷேக்ஸ்பியர் தமது நாடகமொன்றிலே நகைப்புக்கு இடமாக்கியுள்ளார். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்னும் சொல்லின் நிலை இன்னும் விந்தையானது. அது தூய ஆங்கிலச் சொல்; இலத்தீனோடு அதற்கு யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும், இலத்தீன் வழிவந்த வேறொரு சொல்லோடு அதனை உறவென்று தவறாகக் கருதி, 'எஸ்' எழுத்தைச் சேர்த்துவிட்டனர். இன்று அவ்வெழுத்தை விட்டெழுதும் மாணவன் பிழை செய்தவன் ஆகின்றான். முதற் பிழையைச் செய்த பண்டிதர் தப்பிக்கொண்டனர்.

மூன்றாவது வகையொன்றும் உண்டு. அவை பிறப்பில் ஒரே சொல்லாய் இருந்து, எழுத்தினால் இரண்டாக்கப்பட்டவை. பூவைக் குறிக்கும் 'பிளவர்', கோதுமை மாவைக் குறிக்கும் 'பிளவர்' என்பன ஒரே சொல்லே. அரைத்த மாவின் மிக நயமான பகுதியைக் கோதுமையின் பூ என்றனர். 1755ஆம் ஆண்டில் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனுடைய அகராதி, மாவையும் பூவின் எழுத்துக்கூட்டலின் கீழேயே காட்டுகின்றது. 'ஸ்டேஷனரி' என்பதும் அத்தகையதே. இடைக்காலத்தில் வணிகர் பலர் ஊரூராகத் திரிந்தபோது, பல்கலைக்கழகங்களை அண்டி நிலையான கடை வைத்துப் புத்தகம் விற்றவரை 'ஸ்டேஷனர்' என்றனர். நிலையாய் நிற்பவர் என்பதே அதன் கருத்து. அவர் விற்ற தாளும் மையும் 'ஈ' எழுத்தைப் பெற்றன. அசையாது நிற்பதைக் குறிக்கும் சொல் 'ஏ' எழுத்தைப் பெற்றது. இக்கடைக்காரரை ஒருமுறை மனத்திற் கண்டவன், இரண்டையும் மாற்றி எழுதுவது அரிது.

ஜோன்சன் இம்முரண்பாடுகளை அறியாதவரல்லர். பற்றுச்சீட்டைக் குறிக்கும் சொல்லில் ஒலியாத 'பி' எழுத்து இருக்க, வஞ்சகத்தைக் குறிக்கும் அதன் உறவுச்சொல்லில் அஃது இல்லாமையைத் தமது முன்னுரையிலே அவரே எடுத்துக்காட்டுகின்றார். எனினும், பெரும்பான்மையோர் வழக்குக்கு இணங்கியே எழுதியதாகக் கூறி அமைகின்றார்.

திருத்த முயன்றோரும் பலர். அமெரிக்காவிலே நோவா வெப்ஸ்டர் 1828ஆம் ஆண்டில் வெளியிட்ட அகராதியின் வழியாக, நிறத்தைக் குறிக்கும் 'கலர்' முதலிய சொற்களில் 'யூ' எழுத்தை நீக்கும் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றியது. 1906ஆம் ஆண்டில் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் முந்நூறு சொற்களை எளிதாக்கி அச்சிடுமாறு பணித்தார். சட்டமன்றம் எதிர்த்தமையால் அம்முயற்சியைக் கைவிட்டார். 1950ஆம் ஆண்டில் மறைந்த பேர்னாட் ஷா, ஆங்கிலத்துக்குப் புதிய நெடுங்கணக்கொன்றை ஆக்குமாறு மரணசாசனத்தில் பொருள் ஒதுக்கினார். அவ்வெழுத்தில் அவருடைய நாடகமொன்று 1962ஆம் ஆண்டில் அச்சாயிற்று. ஆங்கில உலகம் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை.

எழுதும்போது விதியைப் பேணவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஒலி ஒன்றான சொற்களைக் கண்ணுக்குப் பிரித்துக் காட்டும் நன்மையையும் அந்த எழுத்துக்கூட்டல் செய்கின்றது. ஆயினும், பிள்ளையொன்று ஒலியாத எழுத்தை விட்டெழுதும்போது அஃது அறிவின்மையாற் செய்ததன்று. காதாற் கேட்டதை நேர்மையாக எழுதியிருக்கின்றது. தவறிய இடத்தைக் காட்டும் ஆசிரியர், அவ்வெழுத்தின் கதையையும் கூடவே சொல்வாராயின், பிள்ளை அதனை எளிதில் மறவாது. வெட்கித் தலைகுனியவும் வேண்டியதில்லை.