விவிலியத்தில் வானதூதர்கள்

வானதூதர்கள் அல்லது தேவதூதர்கள் என்போர், கிறித்தவ விவிலியத்தின்படி, கடவுளால் படைக்கப்பட்டு, அவருடைய செய்தியை மனிதருக்கு அறிவிக்கவும் அவருடைய ஆணையை நிறைவேற்றவும் அனுப்பப்படும் ஆவிகள் ஆவர். இவர்கள் கடவுளரோ, சிறு தெய்வங்களோ, இறந்த மனிதரின் ஆன்மாக்களோ அல்லர். தமிழ்க் கிறித்தவர்களிடையே இவர்களைக் குறிக்கத் தேவதூதர், வானதூதர், சம்மனசு ஆகிய சொற்கள் வழங்குகின்றன. மிக்கேல் அதிதூதரின் பெயரில் ஆலயம் அமைந்துள்ள தென்காசியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இச்சொற்களோடு இசுலாமியர் வழங்கும் மலக்கு என்ற சொல்லும் புழக்கத்தில் உள்ளது.

சொற்பொருள்

பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் 'மல்ஆக்' என்றும், புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியில் 'ஆங்கெலோசு' என்றும் வரும் சொற்களுக்குத் 'தூதர்' என்பதே பொருள். இச்சொற்கள் ஒருவரின் இயல்பை அன்றி அவர் செய்யும் பணியைக் குறிக்கின்றன. ஆகவே மனிதத் தூதர்களுக்கும் விவிலியம் இதே சொற்களைப் பயன்படுத்துகிறது. ஓர் இடத்தில் வருபவர் மனிதரா வானவரா என்பதை அவ்விடத்தின் சூழலைக் கொண்டே அறிய வேண்டும்.

தூது என்பது தமிழ் இலக்கியத்திற்குப் பழக்கமான கருத்து. திருக்குறளின் 69 ஆவது அதிகாரம் தூதுவரின் பண்புகளைக் கூறுகிறது. தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியில், தலைவி வசந்தவல்லி தன் தோழியைக் குற்றாலநாதரிடம் தூது அனுப்புகிறாள். அங்கே தூது மனிதரிடமிருந்து இறைவனை நோக்கிச் செல்கிறது. விவிலியத்திலோ தூது இறைவனிடமிருந்து மனிதரை நோக்கி வருகிறது.

இயல்பு

வானதூதர்களைப் பற்றி விவிலியம் ஒரே இடத்தில் தொகுத்துக் கூறவில்லை. பல நூல்களில் காணப்படும் செய்திகளைத் தொகுத்தால் பின்வருவன பெறப்படும்.

* அவர்கள் படைக்கப்பட்டவர்கள் (திருப்பாடல்கள் 148:2-5, கொலோசையர் 1:16).
* அவர்கள் பணிபுரிய அனுப்பப்படும் ஆவிகள் (எபிரேயர் 1:14).
* அவர்கள் மணம் செய்துகொள்வதில்லை (மத்தேயு 22:30).
* அவர்களின் எண்ணிக்கை மிகப் பெரிது (தானியேல் 7:10).
* அவர்களின் அறிவுக்கு எல்லை உண்டு. இறுதி நாள் எப்போது வரும் என்பது அவர்களுக்குத் தெரியாது (மத்தேயு 24:36).

ஓவியங்களில் வானதூதர்கள் பெரும்பாலும் இறக்கைகளுடன் காட்டப்படுகின்றனர். ஆனால் விவிலியத்தில் அவர்கள் பெரும்பாலும் சாதாரண மனிதரின் தோற்றத்திலேயே வருகின்றனர். ஆபிரகாம் விருந்தளித்த மூவரும் வழிப்போக்கர்களாகவே தோன்றினர் (தொடக்கநூல் 18). அன்னியரை உபசரிக்குமாறு எபிரேயர் நூல் கூறும்போது, அவ்வாறு உபசரித்த சிலர் தாம் அறியாமலே வானதூதரை உபசரித்ததை நினைவூட்டுகிறது (13:2).

இறக்கைகளுடன் விவரிக்கப்படுவோர் கெருபுகளும் சேராபீன்களும் ஆவர். உடன்படிக்கைப் பேழையின் மேல் இரு கெருபுகளின் பொன் உருவங்கள் இருந்தன (விடுதலைப் பயணம் 25:18-20). ஆறு இறக்கைகள் கொண்ட சேராபீன்களை எசாயா தம் காட்சியில் கண்டார் (எசாயா 6:2). வானதூதர்களை ஒன்பது அணிகளாக வகுக்கும் முறை விவிலியத்தில் இல்லை. அது கி.பி. 500 அளவில் தியோனீசியு என்ற பெயரில் எழுதப்பட்ட கிரேக்க நூலின் வழி பரவியது.

பணிகள்

செய்தி அறிவித்தல்: திருமுழுக்கு யோவானின் பிறப்பைச் செக்கரியாவுக்கும் இயேசுவின் பிறப்பை மரியாவுக்கும் கபிரியேல் அறிவித்தார் (லூக்கா 1). இயேசு பிறந்த செய்தி முதலில் வயல்வெளியில் இருந்த இடையர்களுக்கு அறிவிக்கப்பட்டது (லூக்கா 2:8-14).

காத்தல்: சிறையிலிருந்த பேதுருவை ஒரு தூதர் விடுவித்தார் (திருத்தூதர் பணிகள் 12:7). சிறியோரின் தூதர்களைப் பற்றி இயேசு பேசுகிறார் (மத்தேயு 18:10). காவல் தூதர் பற்றிய கத்தோலிக்க நம்பிக்கைக்கு இப்பகுதி அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது.

தீர்ப்பை நிறைவேற்றல்: சோதோம் நகரின் அழிவிலும் (தொடக்கநூல் 19) உலக முடிவு பற்றிய காட்சிகளிலும் தூதர்கள் இப்பணியைச் செய்கின்றனர்.

இறைபுகழ்ச்சி: கடவுளின் அரியணையைச் சூழ்ந்து நின்று அவரைப் போற்றுகின்றனர் (திருவெளிப்பாடு 5:11).

பெயர் பெற்றவர்கள்

கத்தோலிக்கர் ஏற்கும் விவிலியத்தில் மூன்று வானதூதர்களே பெயரால் குறிக்கப்படுகின்றனர்.

* மிக்கேல் (மிகாவேல்): 'கடவுளுக்கு நிகர் யார்?' என்று பொருள். தானியேல், யூதா, திருவெளிப்பாடு ஆகிய நூல்களில் வருகிறார். தலைமைத் தூதர் என்னும் பட்டம் இவருக்கே வெளிப்படையாகத் தரப்பட்டுள்ளது (யூதா 9).
* கபிரியேல் (காபிரியேல்): தானியேல், லூக்கா நூல்களில் செய்தி கொண்டுவருபவர்.
* இரபேல்: 'கடவுள் குணமாக்குகிறார்' என்று பொருள். தோபித்து நூலில் வருகிறார். அந்நூலைச் சீர்திருத்தத் திருச்சபைகள் விவிலியத்தின் பகுதியாகக் கொள்வதில்லை.

கி.பி. 745 இல் உரோமையில் கூடிய திருச்சபை மன்றம், இம்மூன்று பெயர்களைத் தவிர வேறு தூதர் பெயர்களைச் சொல்லி மன்றாடுவதைக் கண்டித்தது.

வீழ்ந்த தூதர்கள்

பாவம் செய்த தூதர்கள் தண்டிக்கப்பட்டதாக 2 பேதுரு 2:4, யூதா 6 ஆகிய பகுதிகள் கூறுகின்றன. மிக்கேலும் அவருடைய தூதர்களும் அரக்கப்பாம்புடன் போரிட்டு அதனை வீழ்த்துவதைத் திருவெளிப்பாடு 12:7-9 விவரிக்கிறது. அப்பாம்பு சாத்தான் என அங்கேயே விளக்கப்படுகிறது. இவ்வீழ்ச்சியோடு தொடர்புபடுத்தப்படும் எசாயா 14, எசேக்கியேல் 28 ஆகிய அதிகாரங்கள் முறையே பாபிலோன், தீர் அரசர்களை நோக்கிக் கூறப்பட்டவை. அவற்றைச் சாத்தானுக்குப் பொருத்திக் கூறுவது பிற்கால விளக்கமாகும்.

வழிபாடு பற்றிய கருத்து

வானதூதர்களை வழிபடுதல் விவிலியத்தில் விலக்கப்பட்டுள்ளது (கொலோசையர் 2:18). திருவெளிப்பாட்டின் ஆசிரியர் தூதரின் காலடியில் விழுந்து வணங்க முற்பட்டபோது, தாமும் ஓர் ஊழியரே எனக் கூறி அத்தூதர் தடுத்தார். இந்நிகழ்ச்சி அந்நூலில் இருமுறை இடம்பெறுகிறது (19:10, 22:8-9). இயேசு வானதூதர்களிலும் மேலானவர் என்பது எபிரேயர் நூலின் முதல் அதிகாரத்தின் மையக் கருத்தாகும்.

இப்பகுதிகளைத் திருச்சபைகள் வெவ்வேறு வகையில் நடைமுறைப்படுத்துகின்றன. கத்தோலிக்கர் ஆராதனையைக் கடவுளுக்கு மட்டும் உரியதாகவும், தூதருக்கும் புனிதருக்கும் செலுத்துவதை வணக்கமாகவும் வேறுபடுத்துகின்றனர். தூதர்களின் பரிந்துரையையும் வேண்டுகின்றனர். சீர்திருத்தத் திருச்சபைகள் தூதர்களின் இருப்பை ஏற்பினும் அவர்களிடம் மன்றாடுவதில்லை.

தமிழ் மொழிபெயர்ப்புகளில்

பல தேவர்களைப் பற்றிய புராணங்கள் வேரூன்றிய மொழியில் இக்கருத்துக்குச் சொல் தேடுவது எளிதாக இருக்கவில்லை. தேவர், வானவர் ஆகிய சொற்கள் ஏற்கெனவே வழிபாட்டுக்குரியோரைக் குறித்தன. பழைய கத்தோலிக்க வழக்கில் சம்மனசு என்ற சொல் நிலைபெற்றது. நல்ல மனம் உடையவர் என இதற்குப் பொருள் கூறுவர். இச்சொல் தூதுப் பணியை அன்றி இயல்பைக் குறிப்பதாகும்.

பப்ரிசியசு தம் மொழிபெயர்ப்பில் கடவுளைப் 'பராபரன்' எனக் குறித்தார். 1820 முதல் 1838 இல் இறக்கும் வரை திருநெல்வேலிப் பகுதியில் பணியாற்றிய இரேனியசு 'தேவன்' என்ற சொல்லை ஆண்டார். சீர்திருத்தத் திருச்சபையினர் பரவலாகப் பயன்படுத்தும் பழைய மொழிபெயர்ப்பிலும் அதுவே நிலைத்தது. அதில் தேவதூதன் என்றால் 'ஒரே தேவனின் தூதன்' என்று பொருள். 'தேவர்களின் தூதன்' என்பதன்று. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'வானதூதர்' என்ற சொல்லை ஆள்கிறது.

எட்டாம் திருப்பாடலின் ஐந்தாம் வசனம் மொழிபெயர்ப்புகளின் வேறுபாட்டைக் காட்டும். மனிதர் தேவதூதரைவிடச் சற்றுச் சிறியவர் எனப் பழைய மொழிபெயர்ப்பும், கடவுளைவிடச் சற்றுச் சிறியவர் எனத் திருவிவிலியமும் கூறுகின்றன. அங்குள்ள எபிரேயச் சொல்லான 'எலோகிம்' பொதுவாகக் கடவுளைக் குறிப்பது. பழங்கால கிரேக்க மொழிபெயர்ப்பு அதனைத் தூதர்கள் எனக் கொண்டது.

தென்காசி, குற்றாலம் பகுதியில்

தென்காசி 2019 இல் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமானது. காசி விசுவநாதர் கோயிலும் குற்றாலநாதர் கோயிலும் அமைந்த இச்சைவத் தலப் பகுதியில், தென்காசி நகரில் தூய மிக்கேல் அதிதூதர் ஆலயம் உள்ளது. இது 1973 இல் உருவான பாளையங்கோட்டை கத்தோலிக்க மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. கத்தோலிக்க நாட்காட்டியில் மிக்கேல், கபிரியேல், இரபேல் ஆகியோரின் விழா செப்டம்பர் 29 ஆம் நாளும், காவல் தூதர் விழா அக்டோபர் 2 ஆம் நாளும் வருகின்றன. மிக்கேல் பொதுவாக வாளோ ஈட்டியோ ஏந்திச் சாத்தானை மிதித்து நிற்பவராகச் சித்திரிக்கப்படுகிறார். திருவெளிப்பாட்டின் மேற்கண்ட பகுதியே இதற்கு மூலம். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த கிறித்தவர்களும் இம்மாவட்டத்தில் வாழ்கின்றனர். அவர்களின் வழக்கில் இவரே பிரதான தூதனாகிய மிகாவேல்.

தென்காசி, கடையநல்லூர், பொட்டல்புதூர் முதலிய ஊர்களில் வாழும் இசுலாமியர் வானதூதர்களை மலக்குகள் என்பர். மலக்குகளை நம்புவது இசுலாமிய நம்பிக்கையின் அடிப்படைகளுள் ஒன்று. கபிரியேல் அவர்களுக்கு ஜிப்ரீல், மிக்கேல் மீக்காயீல். செங்கோட்டையைக் கடந்தால் வரும் கேரளத்தில் கிறித்தவர் மாலாகா என்ற சொல்லை வழங்குகின்றனர். இது சிரியாக் மொழிவழி வந்தது. மலக்கு, மாலாகா, எபிரேய மல்ஆக் ஆகிய மூன்றும் ஒரே செமித்திய வேரிலிருந்து பிறந்தவை. தூதர் என்பதே அவற்றின் பொதுப்பொருள்.