ஆண் குழந்தைக்கு எபிரேயப் பெயர்: ஒலியா, பொருளா?

திருவண்ணாமலைத் தெருவில் நின்று "அண்ணாமலை" என்றோ "அருணாசலம்" என்றோ கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். டேனிஷ் மிஷன் பள்ளிக்கூடம் உள்ள ஊர் என்பதால் சாமுவேல், தானியேல் எல்லாம் இங்கே புதுசு கிடையாது. ஆனா இப்போ இளம் பெற்றோர் ஈத்தன், நோவா, ஆரியேல் என்று ஆரம்பித்தால், "இதெல்லாம் நம்ம பேரா?" என்று வீட்டுப் பெரியவங்க கேட்கிறாங்க. நியாயமான கேள்விதான். பதிலை வரலாற்றில் தேடலாம்.

எபிரேயப் பெயர்கள் பலவும் ஒரு குட்டி வாக்கியம். 'ஏல்' என்றால் கடவுள். 'யோ', 'யா' என்பவை யாவே என்ற பெயரின் சுருக்கம். தானியேல்: கடவுள் என் நீதிபதி. யோகனான்: யாவே அருள்புரிந்தார். எலெயாசார்: கடவுள் உதவினார்.

தமிழ்க் கத்தோலிக்கர் பல இடங்களில் ஒலியை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்துக்கொண்டார்கள். யோகனான்தான் யோவான், அவரே 'அருளப்பர்'. 1995இல் திருவிவிலியம் வரும்வரை கத்தோலிக்கருக்கு அது அருளப்பர் நற்செய்திதான். 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் தெ பிரிட்டோவும் நமக்கு அருளானந்தர்.

இதைவிட அழுத்தமான உதாரணம் ஒன்று உண்டு. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன் பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று லாசரு என்ற பெயரை ஏற்றார். எலெயாசார்தான் கிரேக்கம் வழியாக லாசரு ஆனது. அதன் பொருளை அப்படியே எடுத்து அவரைத் 'தேவசகாயம்' என்றார்கள். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். 'தேவ', 'சகாயம்' இரண்டும் வடசொற்கள். ஆனா தென்மாவட்டத்தில் தேவசகாயம் என்ற பெயரை யாராவது அந்நியம் என்பார்களா? சிவன் பெயரோடு பிறந்தவர் எபிரேயப் பெயருக்காக உயிரையே கொடுத்திருக்கிறார், அதுவும் நம் காதுக்குப் பழகிய உருவத்தில்.

ஒலியோடு வந்த பெயர்களும் வேர்பிடித்தன. 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) எழுதியவர் சாமுவேல் வேதநாயகம் பிள்ளை. 'கருணாமிர்த சாகரம்' (1917) தந்தவர் ஆபிரகாம் பண்டிதர். அரபி வழியாக அதே ஆபிரகாம் இப்ராஹிம் ஆகவும், தாவீது தாவூது ஆகவும், யோசேப்பு யூசுப் ஆகவும் தமிழ் முஸ்லிம் வீடுகளுக்குள் வந்தார்கள்.

திருவண்ணாமலைக்கும் ஒரு தொடர்பு இருக்கு. ஈராக்கிய யூதரான எஸ்.எஸ். கோஹன் 1936இல் ரமணாசிரமத்துக்கு வந்தார்; 'குரு ரமணா' நூலை எழுதியவர். கோஹன் என்றால் எபிரேயத்தில் பூசாரி. மோசேயிடம் கடவுள் தன் பெயரைச் சொல்லும் யாத்திராகமப் பகுதியை ரமணர் அடிக்கடி எடுத்துக்காட்டுவார். அந்தத் திருப்பெயர்தான் யோவானில் உள்ள 'யோ'.

சரி, எந்தப் பெயர் வைப்பது? என் அபிப்பிராயம் இதுதான். முதலில் பெயரைத் தமிழ்க் காதால் கேட்டுப் பாருங்கள். நோவாவின் பொருள் ஓய்வு, ஆறுதல். ஆனா நம்ம பாட்டி காதில் 'நோவு' என்று விழும். ஆரியேல் 'கடவுளின் சிங்கம்'. இங்கே வகுப்புப் பசங்களுக்குச் சோப்புத்தூள். ஈத்தன் (உறுதியானவன்) பரவாயில்லை.

அடுத்தது, தாத்தாவை மறக்காதீங்க. 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்'தான், தாத்தா பெயரைத் தாங்குபவன். செபார்தி யூதர்களும் உயிரோடிருக்கும் தாத்தாவின் பெயரையே வைப்பார்கள். அஷ்கெனாசி யூதர்களோ இறந்தவர் பெயரை மட்டும்தான் வைப்பார்கள். உயிரோடிருப்பவர் பெயரை வைத்தால் ஆகாது என்ற பயம். நம்ம வழக்கம் செபார்திகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஆக, தாத்தா பெயர் அருளப்பன் என்றால் கவலையே வேண்டாம். உங்க வீட்டில் எபிரேயப் பெயர் ஏற்கனவே இருக்கு.