இட்லி ஏன் பாஸ்ட் புட் ஆகவில்லை?

புதுச்சேரியை அடுத்த வில்லியனூரிலோ பாகூரிலோ ஒருவரிடம் “இங்க பாஸ்ட் புட் எங்கண்ணே இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். சாலையோரம் அடுப்பு சீறும் தள்ளுவண்டியைக் கைகாட்டுவார். எக் ரைஸ், சிக்கன் நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன் கிடைக்கும் கடைக்குத்தான் அந்தப் பெயர். கேட்ட மாத்திரத்தில் தட்டுக்கு வரும் இட்லிக்கு அது கிடையாது. வடை, போண்டா, பரோட்டாவுக்கும் கிடையாது. எக் ரைஸுக்கோ முன்னால் நாலு பார்சல் இருந்தால் கால் மணி நேரம் நிற்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்தச் சொல் பிறந்தபோது அதன் பொருள் வேகம்: ஆர்டர் கொடுத்ததும் கைக்கு வரும் பர்கர், வறுத்த உருளைக்கிழங்கு. அந்தப் பொருளோடு அது நம் கிராமத்துக்கு வரவில்லை. மெக்டொனால்ட்ஸ் இந்தியாவில் முதல் கடை திறந்ததே 1996இல்தான். பர்கரைப் பார்க்காதவர்கள் அந்தச் சொல்லை வேறொரு பண்டத்துக்குச் சூட்டிக்கொண்டார்கள். பத்திரிகைகள் எழுதும் ‘துரித உணவு’ மொழிபெயர்ப்பாக இருக்கலாம். தள்ளுவண்டிக்கு அது பெயராகாது. ‘துரித’மும் ‘த்வரித’ என்ற வடசொல்லின் வழி வந்ததுதான், ஆகையால் தனித்தமிழ்க்காரருக்கும் அதில் லாபமில்லை. டாக்டர்கள் எச்சரிப்பது துரித உணவை. அந்த எச்சரிக்கையைப் படித்தவர் சாயங்காலம் போய் நிற்பது பாஸ்ட் புட்டில்.

வேகம் முழுக்க விடைபெற்றுவிடவில்லை, கண்ணுக்குத் தெரிகிற வேகமாக மாறியிருக்கிறது என்பது என் எண்ணம். மாஸ்டர் கையைக் கவனியுங்கள். சட்டியில் எண்ணெய் புகைந்ததும் முட்டை உடைந்து விழுகிறது. பொடியாய் அரிந்த கோஸ், கேரட், பீன்ஸ். ஒரு தட்டுச் சோறு. மிளகுத்தூள், உப்பு, அஜினமோட்டோ. மூடியில் துளையிட்ட பாட்டிலிலிருந்து சோயா சாஸ். தீ சட்டியின் விளிம்பைத் தாண்டி எழும்புகிறது, சோறு அந்தரத்தில் புரண்டு விழுகிறது. மேலே வெங்காயத்தாள் தூவினால் முடிந்தது. இதற்கான மெதுவான வேலை மதியமே ஆகியிருக்கும்: சோற்றைக் குழையாமல் முக்கால் பதத்தில் வடித்து ஆறவிட வேண்டும், நூடுல்ஸை வேகவைத்து, எண்ணெய் பிசறி, ஒட்டாமல் பரப்பி வைக்க வேண்டும். சுடுசோற்றைச் சட்டியில் போட்டால் களியாகிவிடும். இட்லியின் வேலை மூடிய பானைக்குள் நடக்கிறது. அதில் வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை.

இந்தக் கடை ‘ரைஸ்’ என்ற சொல்லையும் தனதாக்கிக்கொண்டது. பாகூர் ஏரிப் பாசனத்து ஊர். நெல்லையும் அரிசியையும் சோற்றையும் குழப்பிக்கொள்ளாத மக்கள். அங்கே வீட்டில் தின்பது சோறு, ஓட்டலில் கேட்டு வாங்குவது சாதம். ரைஸ் என்றால் பாஸ்மதியில் கிளறிய பிரைடு ரைஸ் மட்டும்தான். “சோறு வேணாம், ரைஸ் வாங்கிக் குடு” என்று பிள்ளை அடம்பிடித்தால் எந்தத் தாய்க்கும் விளங்கும். கிரேக்க ‘ஒருஸா’வைத் தமிழ் ‘அரிசி’யோடு கால்டுவெல் இணைத்தார், அதன் வழியில் பார்த்தால் ‘ரைஸ்’ ஊர் சுற்றித் திரும்பிய நம் பிள்ளை. பாரசீகம் வழி போன சொல் என்பாரும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை.

‘நூடுல்ஸ்’ ஜெர்மானிய ‘நூடல்’ வழி ஆங்கிலத்துக்குப் போனது. பன்மை விகுதியோடு நம்மிடம் வந்து “ஒரு நூடுல்ஸ்” ஆயிற்று. பண்டம் வந்த வழி வேறு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தா அருகே சர்க்கரை ஆலை வைத்தார் ஆச்சு என்ற சீனர். அச்சிப்பூர் என்ற ஊர் அவர் பெயரால் அமைந்தது. கல்கத்தாச் சீனர்களின் சமையல் மெல்ல இந்திய நாக்குக்கு வளைந்தது. அங்கே பிறந்த நெல்சன் வாங் 1975இல் பம்பாயில் சிக்கன் மஞ்சூரியனைச் செய்தார் என்பார்கள். மஞ்சூரியாவில் அதை யாருக்கும் தெரியாது. 1983இல் மேகி வந்து நூடுல்ஸ் என்ற சொல்லை வீட்டு அடுப்படியில் கொண்டுபோய் வைத்தது.

புதுச்சேரிக்கு வேறொரு வழியும் இருந்தது. பிரெஞ்சுக்காரர் 1859இல் சைகோனைப் பிடித்த பிறகு, இங்கிருந்து குமாஸ்தாக்களும் சிப்பாய்களும் கப்பலேறினார்கள். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி சொந்தச் சட்ட உரிமையைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள் அவர்களில் பலர். திரும்பி வந்த குடும்பங்களோடு வியட்நாம் சமையலும் வந்தது. அரிசித்தாளில் கறியும் சேமியா போன்ற இழைகளும் வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் பண்டத்தை வியட்நாமின் வடக்கே ‘நெம்’ என்பார்கள், சைகோன் பக்கம் ‘சா யோ’. பிரெஞ்சுக்காரர் எடுத்துக்கொண்டது நெம். புதுச்சேரியிலும் அந்தப் பெயர் புழங்குகிறது. ஆனால் நெம் நகரத்து வீடுகளின் விருந்துப் பண்டமாக நின்றுவிட்டது, வில்லியனூர்த் தள்ளுவண்டியில் ஏறவில்லை. ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்று பாதி பிரெஞ்சில் தன் நிர்வாகத்தை அழைக்கும் ஊர், நூடுல்ஸைச் சைகோனிலிருந்து வாங்காமல் கல்கத்தா, பம்பாய், சென்னை என்று தரைவழியே வாங்கிக்கொண்டது. வீட்டுப் பண்டத்துக்கு உறவு வேண்டும். கடைப் பண்டத்துக்கு ஒரு வண்டியும் சிலிண்டரும் போதும்.

இப்போது அந்தச் சொல்லின் மதிப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது. வண்டியில் தொடங்கி, நாலு மேசை போட்டு, ஏசி மாட்டுகிறவர் பலகையிலிருந்து முதலில் எடுப்பது ‘பாஸ்ட் புட்’டைத்தான். அந்த இடத்தில் ‘பேமிலி ரெஸ்டாரன்ட்’ வருகிறது. சமைப்பது அதே மாஸ்டர், அதே எக் ரைஸ். விலையில் மட்டும் இருபதோ முப்பதோ கூடியிருக்கும்.